மருந்தான நியூக்ளிக் அமிலம்

மதுரைக்கு அயலில் பிறந்து அங்குள்ள அமெரிக்கன் கல்லூரியில் இரசாயனம் பயின்ற முத்தையா மனோகரன், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் எலியல் என்பாரிடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். 1990-இல் ஐசிஸ் கம்பெனியிற் சேர்ந்தது முதல் நியூக்ளிக் அமிலங்களைத் திருத்தியமைப்பதே அவர் தொழிலாயிற்று.

திருத்துவானேன்? நோய்க்குக் காரணமான புரதத்தின் செய்தியை அழிக்கச் சிறியதோர் ஆர்.என்.ஏ. துண்டு போதும். ஆனால், இரத்தத்தில் விட்டதும் நொதிகள் அதனை விரைவிற் சிதைத்துவிடும். அதன் சர்க்கரைப் பகுதியில் ஃப்ளுவோரினையோ மீதாக்சியையோ பொருத்தினால் நொதியின் கடி எளிதிற் படாது. அளவு மீறித் திருத்தினாலோ, உயிரணு அதனை ஏற்றுப் பணி செய்யாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதுதான் அரிது.

2003-இல் அல்னைலம் கம்பெனிக்கு வந்த மனோகரனும் தோழர்களும், மறு ஆண்டே கொலஸ்டிராலைத் துண்டுடன் இணைத்து எலிகளிற் பயன் கண்டனர். பிற்பாடு, கல்லீரல் அணுக்கள் விரும்பிப் பற்றும் சர்க்கரை மூன்றைக் கொத்தாகப் பிணைத்தனர். முகவரி எழுதிய கடிதம் போல் மருந்து கல்லீரலைச் சென்றடைந்தது.

வெற்றியை மட்டும் பாடுவது வரலாறாகாது. 2010-இல் ரோஷ் நிறுவனம் இத்துறையையே கைவிட்டது. வாரந்தோறும் 500 மில்லிகிராம் செலுத்தப்பட்ட ரெவுசிரான், மருந்து பெற்றோரிடையே மரணம் மிகுந்தமையால் 2016-இல் நிறுத்தப்பட்டது. மேலும் உறுதியாகத் திருத்தப்பட்ட கிவோசிரானோ மாதம் ஒருமுறை செலுத்தினாற் போதும். கல்லீரலைச் சார்ந்த கடும் போர்ஃபிரியா நோய்க்கு மருந்தாக அது 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.