பெண் தலைமை பற்றிப் பேசும் ஆய்விதழ்... யார் நடத்துறாங்க, யார் சரிபார்க்கிறாங்க?

உயர் பதவிகளில் பெண்கள் ஏன் குறைவு? பெண் மேலாளரை ஊழியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? இதைப் பற்றி 'ஆய்வு சொல்கிறது' என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்த ஆய்வு எங்கே வெளியாகிறது, அது சரிதான் என்று யார் பார்க்கிறார்கள், அதை நடத்த ஆகும் செலவு யாருடையது? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த இதழ்கள்?

இந்தத் துறையில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. ஒன்று, பிரிட்டனின் எமரால்டு பதிப்பகம் வெளியிடும் 'ஜெண்டர் இன் மேனேஜ்மென்ட்'. இன்னொன்று, 1994-ல் தொடங்கப்பட்டு இப்போது வைலி நிறுவனம் வெளியிடும் 'ஜெண்டர், வொர்க் அண்ட் ஆர்கனைசேஷன்'.

முதல் இதழுக்கு 1980-களில் வைத்த பெயர் 'விமன் இன் மேனேஜ்மென்ட் ரிவ்யூ'. 2008-ல் 'விமன்' போய் 'ஜெண்டர்' வந்தது.

பெயர் மாறினால் என்ன ஆகும்?

'பெண்கள்' என்று தலைப்பு இருந்தால், 'பெண்களிடம் என்ன குறை, அவர்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?' என்ற கேள்வியிலேயே நின்றுவிட வாய்ப்பு உண்டு. 'பாலினம்' என்றால் கேள்வி அலுவலகத்தின் பக்கம் திரும்புகிறது. பதவி உயர்வை யார் முடிவு செய்கிறார்கள், 'நல்ல மேனேஜர்' என்றால் ஏன் ஆணின் முகம் நினைவுக்கு வருகிறது, ஆண்கள் ஏன் குழந்தை பராமரிப்பு விடுப்பு கேட்கத் தயங்குகிறார்கள் என்பதெல்லாம் உள்ளே வந்துவிடும்.

ஒரு கட்டுரை எப்படி வெளியாகிறது?

* ஆய்வாளர் கட்டுரையை ஆன்லைனில் அனுப்புகிறார். சுருக்கத்தில் நோக்கம், ஆய்வு முறை, கிடைத்த முடிவு, புதிதாக என்ன என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்பது எமரால்டின் விதி.
* எடிட்டர் முதலில் படிக்கிறார். இதழுக்குப் பொருந்தாதது, வேறு இடத்தில் காப்பி அடித்தது எல்லாம் இங்கேயே திரும்பிவிடும்.
* தேறியது, அதே துறையில் உள்ள இரண்டு அல்லது மூன்று பேருக்குப் போகும். எழுதியவர் யார் என்று இவர்களுக்குத் தெரியாது. படித்தவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. இதைத்தான் 'டபுள் பிளைண்ட்' முறை என்கிறார்கள்.
* திருத்தம் கேட்பார்கள். திருத்தி அனுப்பினால் மறுபடியும் படிப்பார்கள். இதற்கே பல மாதங்கள் ஆகலாம்.
* கடைசி முடிவு எடிட்டருடையது. மதிப்பீட்டாளர்கள் சொல்வது பரிந்துரை மட்டுமே.

பெயரை ஏன் மறைக்க வேண்டும்? எழுதியவர் ஆணா பெண்ணா, பெரிய பல்கலைக்கழகமா சின்ன கல்லூரியா என்று பார்த்து மதிப்பெண் போடக் கூடாது என்பதற்குத்தான்.

எடிட்டரின் நேர்மை எங்கே தெரியும்?

ஒரு உதாரணம். 2005-ல் மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இருவர், 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் மேனேஜ்மென்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். லண்டன் பங்குச்சந்தையின் 100 பெரிய நிறுவனங்களை வைத்துச் செய்த ஆய்வு அது. சந்தை மொத்தமாகச் சரிந்த காலத்தில் இயக்குநர் குழுவுக்குப் பெண்களை நியமித்த நிறுவனங்கள், அதற்கு முந்தைய மாதங்களிலேயே தொடர்ந்து தள்ளாடிக்கொண்டு இருந்தன என்றார்கள். அதாவது, கப்பல் ஆட்டம் காணும்போதுதான் சுக்கான் பெண்ணிடம் தரப்படுகிறது. 'கண்ணாடிப் பாறை விளிம்பு' என்ற பொருளில் இதற்கு 'கிளாஸ் கிளிஃப்' என்று பெயர்.

2009-ல் அமெரிக்க சிஇஓ-க்களை வைத்து வேறு சிலர் ஆய்வு செய்தார்கள். 'இங்கே அப்படித் தெரியவில்லை' என்பது அவர்கள் முடிவு. அந்த மறுப்பும் அதே இதழில்தான் வெளியானது. தனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரையைக் கேள்வி கேட்கும் கட்டுரைக்கும் இடம் தருவதுதான் ஒரு ஆய்விதழின் வேலை.

இதுல சிக்கல் என்ன?

கட்டுரையைப் படித்து, பக்கம் பக்கமாகக் குறை எழுதித் தரும் மதிப்பீட்டாளர்களுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. வகுப்பு, வீடு எல்லாம் முடித்து, இரவில் உட்கார்ந்து செய்யும் பேராசிரியர்கள்தான் அதிகம். 'பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு' பற்றிக் கட்டுரை வெளியிடும் இதழே, கண்ணுக்குத் தெரியாத உழைப்பில்தான் ஓடுகிறது.

கொரோனா காலம் இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. எல்சேவியர் நிறுவனத்தின் 2,300-க்கும் மேற்பட்ட இதழ்களை வைத்து ஒரு ஆய்வு 2021-ல் வெளியானது. 2020 முதல் அலையில் இதழ்களுக்கு வந்த கட்டுரைகள் மொத்தத்தில் கூடின. ஆனால் ஆண்கள் அனுப்பியது கூடிய அளவுக்குப் பெண்கள் அனுப்பியது கூடவில்லை. இளம் பெண் ஆய்வாளர்கள்தான் அதிகம் பின்தங்கினார்கள். கட்டுரை இல்லை என்றால் பதவி உயர்வும் இல்லை. அந்த சில மாதங்களின் விலை, பல வருடங்களுக்குத் தொடரும்.

பணம் யாருக்குப் போகிறது?

இதழ்களுக்கு இரண்டு வழியில் வருமானம். நூலகங்கள் கட்டும் சந்தா ஒன்று. 'எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம்' என்று வெளியிட ஆய்வாளர் தரப்பு கட்டும் கட்டணம் இன்னொன்று.

இந்தக் கட்டணம் பெரிய சண்டையாகவும் மாறியிருக்கிறது. 2023-ல் மூளை ஸ்கேன் ஆய்வுகளை வெளியிடும் 'நியூரோஇமேஜ்' இதழின் 40-க்கும் மேற்பட்ட எடிட்டர்கள் கூட்டாக ராஜினாமா செய்தார்கள். ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர் ரொம்ப அதிகம், குறையுங்கள் என்று கேட்டும் எல்சேவியர் ஏற்கவில்லை. வெளியே வந்தவர்கள் எம்ஐடி பிரஸ்ஸுடன் சேர்ந்து புது இதழ் தொடங்கினார்கள்.

இந்தியாவில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். 3 ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய்.

கட்டுரை அனுப்பப் போறீங்களா? இதைக் கவனிங்க

* 'மூன்றே நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்க' என்று மெயில் வந்தால் உஷார். சரிபார்க்காமல் காசுக்காக அச்சிடும் போலி இதழாக இருக்கலாம்.
* எடிட்டர் குழுவில் பெயர் போட்டிருப்பவர்கள், தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்திலும் அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்க.
* ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது.
* ஏஐ கருவியை ஆசிரியராகப் போட முடியாது. பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.
* நிராகரிப்புக் கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீங்க. யாரோ ஒருவர் தூக்கத்தைக் குறைத்து இலவசமாக எழுதித் தந்த கருத்து அது. திருத்தி, அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.