மண்டப டைரி பிறந்த கதை

தேனிப் பக்கம் மாப்பிள்ளை பொண்ணு பேசி முடித்த வீட்டில் அடுத்து எழும் பேச்சு, "மண்டபம் கெடைக்குமான்னு விசாரிங்க" என்பதுதான். ஜோசியர் ஆவணியில் மூன்று நாள், தையில் இரண்டு நாள் என்று குறித்துக் கொடுப்பார். வீட்டுப் பெரியவர் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று மண்டபம் மண்டபமாகப் போன் போடுவார். எங்கே எந்தத் தேதி காலியாக இருக்கிறதோ, அதுவே முகூர்த்தம். மண்டபத் தேதியை முதலில் பிடித்துவிட்டு, அன்றைக்கு நல்ல நேரம் எது என்று பிறகு ஜோசியரிடம் கேட்கும் வீடுகளும் பெருகிவிட்டன. பஞ்சாங்கத்தின் கையில் இருந்த காரியம் மண்டப மேனேஜரின் டைரிக்கு எப்படிப் போனது?

கல்யாண மண்டபம் முதலில் சாமிக்குத்தான். விஜயநகரக் காலத்தில் பெரிய கோயில்களில் திருக்கல்யாண உற்சவத்துக்கென்றே தனி மண்டபம் எழுப்பினார்கள். வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயிலிலும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலிலும் அந்தக் கல்தூண்களின் வேலைப்பாட்டை இன்றும் பார்க்கலாம். மனிதர்களின் கல்யாணம் வீட்டு வாசலில் நடந்தது. முகூர்த்தக்கால் ஊன்றித் தெருவை அடைத்துத் தென்னங்கீற்றுப் பந்தல் போடுவார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள். அண்டா குண்டா ஊர்ப் பொதுவில் இருந்து வரும். இடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் கிடையாது. ஒரே நாளில் ஒரே தெருவில் இரண்டு கல்யாணம் என்றால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒன்றைத் தள்ளி வைப்பார்கள். முன்பதிவு என்று சொன்னால் அவ்வளவுதான் முன்பதிவு.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த ஏற்பாடு மாறியதற்குத் தண்ணீரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1895-இல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். கூடலூரில் இருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிற பூமி அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. 1928-இல் மதுரையில் இருந்து போடிக்கு ரயில் வந்தது. மலையில் இருந்து ஏலக்காய் போடிக்கு இறங்கியது, தேனிச் சந்தை பெருத்தது. நெல்லிலும் வியாபாரத்திலும் காசு புரள ஆரம்பித்ததும் கல்யாணத்துக்கு வருகிற கூட்டமும் கூடியது. வாசல் பந்தல் அந்தக் கூட்டத்தைத் தாங்கவில்லை.

முதலில் வழி கண்டவர்கள் சமுதாயப் பொதுநிதி வைத்திருந்தவர்கள். தென்மாவட்ட வியாபார ஊர்களில் நாடார் உறவின்முறைகள், விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை என்று ஒரு சிறு தொகையை எடுத்து வைத்தன. அந்தப் பணத்தில்தான் கிணறு, பேட்டை, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. விருதுநகரில் 1885-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படிப் பிறந்தது. தேனி மேலப்பேட்டை உறவின்முறை இன்றைக்குக் கல்லூரிகளே நடத்துகிறது. கல்யாண மண்டபமும் அந்த வரிசையில் வந்ததுதான். மற்றச் சமூகங்களும் ஜமாத்துகளும் தங்கள் பங்குக்குக் கட்டின. ஒரு கணக்கப்பிள்ளை, ஒரு நீள நோட்டு, வரிதாரர் குடும்பத்துக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம்: மண்டப டைரியின் முதல் வடிவம் இதுவே. அந்த நோட்டில் எல்லார் பெயரையும் எழுத மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தலித் குடும்பங்களுக்குத் தேதி இல்லை என்று திருப்பி அனுப்பிய மண்டபங்கள் இந்த மாநிலத்தில் இருந்தன. அரசு கட்டிய சமுதாயக் கூடங்களின் அருமை அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும்.

1967-இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆனது. தலைமை தாங்க ஒருவர், வாழ்த்துரைக்கு நான்கு பேர், மைக், மேடை, கீழே நாற்காலி என்று கல்யாணம் கூட்டமேடை ஏறியது. வீட்டு முற்றத்தில் அதற்கு இடமில்லை. 1996-இல் மதுரையைப் பிரித்துத் தேனி மாவட்டம் அமைந்தபோது கலெக்டர் ஆபீஸும் அதைச் சுற்றிய உத்தியோகங்களும் வந்தன. மண்டபம் கட்டுவது முழுத் தொழில் ஆகிவிட்ட காலம் அது.

தொழில் ஆனதும் வரி வந்தது. 1997 ஜூலையில் மத்திய அரசு மண்டபம் நடத்துகிறவர்களைச் சேவை வரிக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாடு கல்யாண மண்டபம் அசோசியேஷன் கோர்ட்டுக்குப் போனது. இடத்தை வாடகைக்கு விடுகிறோம், சாப்பாடு விற்கிறோம், இதில் சேவை எங்கே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். 2004-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடத்தோடு சேர்த்து அங்கே கிடைக்கும் வசதிகளும் ஒரு சேவைதான், வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மண்டப வாடகைக்கு 18 சதவீதம். பதிவு பெற்ற மண்டபம் என்றால் அட்வான்ஸ் வாங்கும்போதே அதற்குரிய வரியும் சேர்ந்துவிடும். வாய்ப்பேச்சில் நின்ற தேதி, நம்பர் போட்ட ரசீதானது இப்படித்தான்.

இன்றைக்கு ஒரு மண்டபத்தைக் கைமாற்றிக் கொடுப்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த டைரிக்குள் எத்தனை கணக்கு என்று புரியும். வாடகை நாள் பெரும்பாலும் முந்தின நாள் மதியம் தொடங்கி மறுநாள் மதியத்தோடு முடியும். முந்தின பார்ட்டி சாமான் ஏற்றிப் போவதற்குள் அடுத்த பார்ட்டியின் காய்கறி வண்டி வாசலில் நிற்கும். மேனேஜர் வீட்டாரில் ஒருவரை அழைத்துப் போய்க் கரண்ட் மீட்டரைக் காட்டி, ரீடிங்கைக் குறித்து, கையெழுத்து வாங்குவார். ஜெனரேட்டர் ஓடினால் டீசல் தனி. சமையல்கூடத்தில் வாட்ச்மேன் அண்டா, தாம்பாளம், கரண்டி, வாளி என்று ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைப்பார். திரும்ப எண்ணும்போது ஒரு கரண்டி குறைந்தாலும் அட்வான்ஸில் கழியும். கிளீனிங் சார்ஜ் தனி. மாப்பிள்ளை ரூம் சாவி, பொண்ணு ரூம் சாவி, ஸ்டோர் ரூம் சாவி மூன்றும் பொறுப்பான ஒரு சித்தப்பா இடுப்பில் ஏறும்.

புக் பண்ண வருகிறவர்கள் ஹாலில் எத்தனை நாற்காலி என்று கேட்பதை விட, "ஒரு பந்திக்கு எத்தனை எலை போடலாம்?" என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். காரணம் செய்முறை, அதாவது மொய்யும் சீரும். இந்தப் பக்கம் கல்யாணம் மட்டுமல்ல, காதுகுத்தும் சடங்கும்கூட ஊரைத் திரட்டும் விசேஷம். தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக ஊர்வலம் வரும். மொய் எழுதியவர் சாப்பிடாமல் போனால் அந்த வீட்டுக்குக் குறை. அதனால் பந்தி வேகமாக எழுந்து வேகமாக உட்கார வேண்டும். சாப்பாட்டுக் கூடம் சிறியதாக இருந்தால், மேடை எவ்வளவு ஜோடனையாக இருந்தாலும் மண்டபத்துக்குத் தேதி விழாது. நோட்டில் மொய் எழுதிய இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் வைத்துப் பேர், ஊர், தொகை அச்சடித்துத் துண்டுச் சீட்டு தருகிறார்கள். அதற்கும் மண்டப வாசலில் மேசையும் பிளக் பாயிண்டும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்கு 50 பேர் என்று கட்டுப்பாடு. ஆயிரம் பேருக்குப் பிடித்த மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த குடும்பங்கள் வீட்டு வாசலிலேயே தாலி கட்டின. அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு, வேறு தேதி தருகிறோம் என்றவர்கள் உண்டு, கைவிரித்தவர்களும் உண்டு. பெரும்பாலான ரசீதின் பின்பக்கத்தில் மண்டபத்துக்குச் சாதகமான நிபந்தனைகள்தான் அச்சாகியிருந்தன. வீட்டில் துக்கம், அரசுத் தடை, வெள்ளம் என்றால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்பும் என்று ரசீதின் முன்பக்கத்திலேயே எழுதித் தர வேண்டும். எழுதாத இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்றே என் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

2025-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, ஐந்து கோயில்களின் நிதியில் திருமண மண்டபம் கட்ட அனுமதித்த அரசாணைகளை ரத்து செய்தது. வாடகைக்கு விடும் மண்டபம் சமயக் காரியம் ஆகாது, பக்தர்கள் கொடுத்த பணத்தை அதற்குச் செலவிடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். கோயில் காசு கோயிலுக்கே என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தனியார் மண்டபத்தின் வாசலை மிதிக்க முடியாத ஏலத்தோட்டக் கூலிக் குடும்பத்துக்குக் கோயில் மண்டபத்துக்கு அடுத்தபடி கதி ஊர்ச் சமுதாயக் கூடம்தான். ஊராட்சியும் பேரூராட்சியும் அதைத் தேர்தலுக்கும் தடுப்பூசி முகாமுக்கும் மட்டும் திறந்தால் போதாது. குழாயில் தண்ணீர், பூட்டுப் போடக்கூடிய ஒரு பெண்கள் அறை, நூறு எலை போட மேசை, யார் எந்தத் தேதிக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று யார் வந்தாலும் புரட்டிப் பார்க்கக்கூடிய ஒரு டைரி இருக்க வேண்டும்.