கொண்டச்சிக் கரையின் கடல்கட்டி

மன்னார்க் கரையில், சிலாபத்துறைக்கு அண்மையில் உள்ளது கொண்டச்சி. முற்காலத்தில் முத்துச் சலாபத்துக்குரிய தோணிகள் இக்குடாவிலேதான் வந்து கூடின. பிரித்தானிய இராணுவ அதிகாரி றொபேட் பேர்சிவல், 1803ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் அக்காட்சியை விவரித்துள்ளார். இரவு பத்து மணிக்கு வெடி முழங்கும். கரைக்காற்றிலே தோணிகள் புறப்பட்டு, விடியுமுன் முத்துப்பார்களை அடையும். தோணிக்குப் பத்துப்பேர் குளிப்போர். ஐவர் மூழ்க, ஐவர் இளைப்பாறுவர்.

துணிவுமிக்க அம்மனிதரையும் ஓர் அச்சம் வாட்டியது. அது சுறாவைப் பற்றிய அச்சம். ஆகவே, சுறாவின் வாயைக் கட்டுபவர் எனக் கருதப்பட்ட ‘கடல்கட்டி’ இல்லாமல் அவர்கள் கடலில் இறங்க மறுத்தனர். தோணிகள் திரும்பும்வரை அவர் கரையில் நின்று மந்திரம் ஓதிக்கொண்டிருப்பார். இவ்வழக்கம் மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, மந்திரம் ஓதுவோருக்கு முத்துகளில் இருபதில் ஒரு பங்கு கூலியாகக் கொடுக்கப்பட்டதென எழுதியுள்ளார்.

1845ஆம் ஆண்டு முதல் இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற் சலாபத்தைக் காண வந்தபோது, கடல்கட்டி நோயுற்றிருந்தார். அவர் அனுப்பிய பிரதிநிதியோ, மந்திர இரகசியம் தமக்குத் தெரியாதென ஒப்புக்கொண்டார்; ஆயினும், அவர் சார்பில் தாம் வந்து நிற்பதே போதும், சுறாக்கள் அதை மதிக்கும் என்றார்!

இதைப் பேர்சிவல் மூடநம்பிக்கை என்றார். மந்திரம் சுறாவைக் கட்டியதா என்பது வேறு கேள்வி. குளிப்போரின் அச்சத்தை அது கட்டியது என்பதில் ஐயமில்லை. ரெனன்ற் கூறும் நிகழ்ச்சி மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. ஓதப்பட்ட சொல்லைக் காட்டிலும், தமக்காக ஒருவர் கரையில் நிற்கிறார் என்ற உறுதியே அவர்களுக்குத் துணையாயிற்று.

இன்று மருத்துவ உலகம் இவ்வுண்மையை வேறு வழியில் அணுகுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட வெளியீடுகளை ஆராய்ந்து, இசை, ஓவியம், நடனம், நாடகம் முதலியன மனநலத்துக்கு உதவக்கூடும் எனக் காட்டியது. இங்கிலாந்தில் வைத்தியர்கள், மனம் தளர்ந்தோரைப் பாடற்குழு, ஓவிய வகுப்பு போன்றவற்றுக்கு வழிகாட்டும் இணைப்பாளர்களிடம் அனுப்புகின்றனர். மருந்தை விலக்குவதற்கன்று, அதற்குத் துணையாகவே. நம் நாட்டிலும், போர் நடந்த காலத்திலேயே, 1996ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. போரில் நொந்த சிறுவர்கள் அங்கே களிமண்ணாலும் வண்ணங்களாலும் கதைகளாலும் தம் துயரத்தை வெளியிட்டனர். அவர்களருகே பெரியவர்கள் இருந்தனர்.

கொண்டச்சியும் துயரம் அறியாத ஊரன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இவ்வூர் மக்களும் வீடுவாசலை இழந்தனர். போர் முடிந்தபின் பலர் மீண்டனர். வீட்டை மறுபடி கட்டலாம். மனத்தை மறுபடி கட்டுவதற்குக் காலமும் துணையும் வேண்டும். பாட்டையும் ஓவியத்தையும் சீட்டில் எழுதிக் கொடுப்பது எளிது. ஆழத்தில் இறங்கியவன் மேலே வரும்வரை கரையில் காத்து நிற்பவரையும் சேர்த்துக் கொடுத்தாலன்றி, அச்சீட்டினாற் பயனில்லை. கொண்டச்சிக் கடற்கரை பன்னெடுங்காலம் அறிந்திருந்த பாடம் இதுவே.