வீட்டுக்கு வந்த அழுத்தமானி

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை மின்சாரம் தந்தது. அதைப் போன்ற நிலையங்களில் கொதிகலனைக் கவனிப்பவரின் பார்வை ஓர் அழுத்தமானியின் முள்ளை விட்டு அதிகம் விலகாது. நீராவியின் அழுத்தம் எவ்வளவு என்று அந்த முள் காட்டும். அதை ஏட்டில் குறித்து வைப்பதும் அவர் வேலை. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகளில் இந்த வேலை தெரிந்தவர்கள் பலர் உண்டு.

அவர்களில் ஒருவரிடம், "உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்!" என்று சொல்லக்கூடும். கொதிகலனுக்கு மானி வேண்டும் என்று அறிந்த நாம், நம் உடலின் அழுத்தத்தை மட்டும் உணர்ச்சியாலேயே தெரிந்துகொள்ளலாம் என்று நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கை பலரைப் பக்கவாதத்திலும் மாரடைப்பிலும் கொண்டு போய் விட்டிருக்கிறது.

மக்கள் இந்நோயை 'இரத்தக் கொதிப்பு' என்கிறார்கள். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. உடல் சூடாவதும் இல்லை. தமனிச் சுவர்களின் மேல் இரத்தம் அளவுக்கு மீறி அழுத்துகிறது, அவ்வளவே. பல ஆண்டுகள் அது ஒரு வலியும் தராமல் இருக்கக்கூடும். ஆகவே அளந்துதான் அறிய வேண்டும். அளக்க மனிதன் எப்படிக் கற்றான், அந்தக் கருவி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தது என்பது சுவையான வரலாறு.

குதிரையும் கண்ணாடிக் குழாயும்

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் இருந்தார். இயற்கை ஆராய்ச்சியில் பேரார்வம் கொண்டவர். அவர் ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, அதன் தொடைத் தமனியில் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி இணைத்தார். குழாயில் இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியது. இச்சோதனையை அவர் 1733-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இரத்தத்துக்கு அழுத்தம் உண்டு, அதை அளக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய சோதனை இதுவே.

ஆனால் நோயாளியின் தமனியை வெட்டி ஒன்பதடிக் குழாயைச் செருக எந்த மருத்துவரால் முடியும்? முதலில் குழாயின் நீளம் குறைந்தது. 1828-ல் பிரெஞ்சு அறிஞர் புவாசேய் பாதரசத்தைப் பயன்படுத்தினார். பாதரசம் நீரைப் போல் 13.6 மடங்கு கனமானது. ஹேல்ஸ் கண்ட எட்டடித் தம்பம் பாதரசத்தில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டரில் அடங்கிவிடும்! இன்றும் இரத்த அழுத்தத்தை 'மில்லிமீட்டர் பாதரசம்' என்று குறிப்பது இதனால்தான்.

சைக்கிள் டியூபும் கேட்ட ஒலியும்

தமனியை வெட்டாமல் அளக்க எளிய வழி கண்டவர் இத்தாலியின் டூரின் நகர மருத்துவர் ரீவா-ரோச்சி. ஆண்டு 1896. அவர் சைக்கிள் டியூப் போன்ற ரப்பர்ப் பையை மேற்கையில் சுற்றி, காற்றடித்து இறுக்கினார். மணிக்கட்டில் நாடி நின்றுவிட்டது. அப்போது பாதரசம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுவே மேல் அளவு. அச்சமும் மனக்கலக்கமும் இந்த அளவை உயர்த்திவிடும் என்பதையும் அவர் அன்றே கவனித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கீழ் அளவைக் கண்டுபிடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. ரஷ்ய அறுவை மருத்துவர் நிகலாய் கொரட்கோவ், முழங்கையின் உட்புறத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இறுக்கிய பையிலிருந்து காற்றை மெல்ல விடும்போது, நசுங்கியிருந்த தமனிக்குள் இரத்தம் பீறிட்டுப் பாயத் தொடங்கும். 'டக், டக்' என்ற ஒலி கேட்கும். அது மேல் அளவு; இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். தமனி முழுதும் திறந்ததும் ஒலி மறையும். அது கீழ் அளவு. இதயம் தளரும்போது உள்ள அழுத்தம். 1905-ல் வெளிவந்த அவருடைய அறிக்கை ஒரு பக்கத்துக்கும் குறைவானது. நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் அந்த முறையைக் கையாண்டு வருகிறது.

கஞ்சித் தொட்டியிலிருந்து

இராயபுரம் வட்டாரத்து மக்கள் நோய் என்றால் ஓடுவது ஸ்டான்லி மருத்துவமனைக்கு. அதன் வேர் 1780-களின் பஞ்சத்தில் இருக்கிறது. பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தில் 1799-ல் மருத்துவமனை தோன்றியது. 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று மக்கள் அழைத்த அந்த இடத்தில் வளர்ந்ததுதான் 1938-ல் ஏற்பட்ட ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. பசிக்கு மருந்து கஞ்சி என்ற நிலையில் தொடங்கிய இடத்துக்கு, இன்று இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வாங்க மக்கள் வருகிறார்கள். காலம் நோய்களை மாற்றிவிட்டது.

மாத்திரை கிடைப்பதும் பழைய கதை அல்ல. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் ஆண்டுதோறும் ஏறியதை அவருடைய மருத்துவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் அது 300/190 ஆயிற்று. அன்றே மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார். அளக்கத் தெரிந்திருந்தும் குறைக்க நல்ல மருந்து இல்லாத காலம் அது. 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தா அழுத்தத்தைக் குறைப்பதை உலக மருத்துவ ஏட்டில் எழுதினார். 1950-களின் இறுதியில் சிறுநீரைப் பெருக்கும் தயசைடு மாத்திரைகள் வந்தன. குறைக்க முடியும் என்று ஆனபின், சரியாக அளப்பது உயிர் காக்கும் செயலாயிற்று.

எது உண்மையான அளவு?

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. 1940-ல் அமெரிக்க மருத்துவர்கள் அய்மன், கோல்ட்ஷைன் இருவரும் நோயாளிகள் சிலருக்கு வீட்டிலேயே அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டு அளவுகள் மருத்துவமனை அளவுகளைவிடக் குறைவாக இருந்தன. சிலரிடம் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. ரீவா-ரோச்சி சொன்ன மனக்கலக்கம் இதுவே. வெள்ளை அங்கியைக் கண்டதும் ஏறும் இந்த அழுத்தத்தைப் பின்னாளில் 'வெள்ளை அங்கி அழுத்தம்' என்றே அழைத்தார்கள். இதற்கு நேர்மாறும் உண்டு. மருத்துவர் முன் சரியாக இருக்கும் அழுத்தம், இரவு வேலை முடிந்து வந்த காலையில் உயர்ந்து நிற்கும். இதை 'மறைந்த அழுத்தம்' என்பார்கள். முன்னது வேண்டாத மாத்திரையைத் தரும். பின்னது வேண்டிய மாத்திரையைத் தடுத்துவிடும்.

1970-களில் மின்னணுக் கருவிகள் வந்தன. இன்றைய வீட்டுக் கருவி பெரும்பாலும் ஒலியைக் கேட்பதில்லை. தமனியின் துடிப்பால் பைக்குள் இருக்கும் காற்று நுட்பமாக அதிர்கிறது. அந்த அதிர்வு ஏறி இறங்கும் விதத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், பழகிய காதும் வேண்டாம். 1987-ல் ஜப்பானின் ஒஹசாமா என்ற சிற்றூரில் குடும்பங்களுக்குக் கருவி கொடுத்து ஆராய்ந்தார்கள். யாருக்கு ஆபத்து என்பதை ஒரு முறை பரிசோதித்த அளவைவிட வீட்டு அளவு நன்றாகவே முன்னறிவித்தது.

தமிழ்நாட்டில்

2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று, வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைக் காட்டியது. அவர்களுள் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவே. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் காசிமேட்டில் மீன் கூடை சுமப்பவரும் மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். மாத்திரை தீர்ந்த அன்றே சிகிச்சையும் நின்றுவிடும்.

நோயாளி வராவிட்டால் கருவி போகட்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. 1990-களில் மருத்துவர் எம்.கே. மணியின் சென்னை சிறுநீரக உதவி அறக்கட்டளை, சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அழுத்தத்தை அளக்கச் செய்தது. அங்கே கொடுத்த மலிவான மருந்துகளில் ஒன்று, சர்ப்பகந்தாவிலிருந்து பிரித்த ரெசர்பின். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இதே வழியை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. தன்னார்வலப் பெண்கள் கருவியும் மாத்திரையுமாக வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

நீங்களே அளக்கலாம்

வீட்டில் கருவி இருந்தால் சில விதிகளை மறவாதீர்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே தேநீரும் புகையும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் அமருங்கள். பை கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்கட்டும். சட்டையின் மேல் சுற்றாதீர்கள். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். ஹேல்ஸின் குழாயில் இரத்தத் தம்பத்தின் உயரம்தான் அழுத்தத்தைக் காட்டியது என்பதை எண்ணினால் காரணம் விளங்கும்.

ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை, காலையும் மாலையும், ஏழு நாள் அளந்து ஏட்டில் எழுதுங்கள். இரவு வேலை செய்பவர் தூங்கி எழுந்த வேளையைக் காலையாகக் கொள்ளலாம். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏட்டுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். அளவு சரியாக இருக்கிறது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது. 180/120-ஐத் தாண்டி, நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, கை கால் மரத்துப்போவதோ, பேச்சுக் குழறலோ இருந்தால் ஏட்டைத் தேட வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பைக் குறைத்தால் ஏட்டில் எண்கள் இறங்குவதை நீங்களே காண முடியும்.

ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதகர் வந்து பார்த்த அளவை மட்டும் நம்பி எந்தத் தொழிலாளியும் கொதிகலனை ஓட்டமாட்டார். தாமே பார்ப்பார், தாமே குறிப்பார். வேலை முடிந்து வீடு திரும்பியதும், அதே கண்ணையும் அதே பென்சிலையும் அவர் தம் உடலுக்காகவும் பயன்படுத்தட்டும்.