கடலூர் ஷாம்பு பாக்கெட்: ஒரு சிறு பொதியின் வரலாறு

வாங்கிய சில நாட்களிலேயே தீர்ந்து, திரும்பத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும் பொருள்களை வணிகத் துறையினர் ‘விரைவில் விற்கும் நுகர்பொருள்கள்’ என்பர். சோப்பு, பற்பசை, தேயிலைத்தூள், பிஸ்கட், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் முதலியன இதில் அடங்கும். மிதிவண்டி, மின்விசிறி போல இவை ஆண்டுக்கணக்கில் உழைப்பவை அல்ல. ஒரு பொருளில் கிடைக்கும் லாபம் மிகவும் குறைவு. கோடிக்கணக்கில் விற்றால்தான் நிறுவனம் நிலைக்கும்.

இந்தியாவில் இந்தச் சந்தையின் போக்கையே மாற்றிய பொருள்களுள் ஷாம்பு பாக்கெட் முதன்மையானது. அந்த மாற்றம் மும்பையிலோ டெல்லியிலோ தொடங்கவில்லை, கடலூரில் தொடங்கியது.

ஷாம்பு வந்த வழி

‘ஷாம்பு’ என்பது ஆங்கிலம் வழியாக நமக்குத் திரும்பி வந்த இந்தியச் சொல். அழுத்துதல், பிடித்துவிடுதல் என்னும் பொருள் தரும் இந்துஸ்தானி வினைச்சொல்லே அதன் மூலம். பாட்னாவில் 1759-ல் பிறந்த சேக் தீன் முகமது இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, 1814-ல் பிரைட்டன் நகரில் குளியலகம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே ‘ஷாம்பு’ என்றால் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும்தான். தலைமுடியைக் கழுவும் பொருளுக்கு அந்தப் பெயர் பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது.

பெர்லின் நகரில் மருந்துக் கடை வைத்திருந்த ஹான்ஸ் ஷ்வார்ட்ஸ்கோப் 1903-ல் தண்ணீரில் கரையும் ஷாம்புத் தூளைச் சிறு காகிதப் பொட்டலங்களில் விற்றார். விலை 20 ஃபெனிக். திரவ ஷாம்புவை அவரது நிறுவனம் கொண்டுவந்தது 1927-ல்தான். ஆகவே புட்டியில் இருந்த ஷாம்புவைக் கடலூர்க்காரர்கள் பாக்கெட்டுக்கு மாற்றினார்கள் என்பது முழு வரலாறு ஆகாது. பொட்டலமாகப் பிறந்து புட்டிக்குள் போன பொருளை அவர்கள் மறுபடியும் பொட்டலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1964-ல் சன்சில்க்கையும் 1971-ல் கிளினிக் ஷாம்புவையும் அறிமுகப்படுத்தியது. இரண்டும் நகரத்து வசதியான வீடுகளுக்கானவை. அரசும் ஷாம்புவை ஆடம்பரப் பொருளாகவே கருதி அதிகக் கலால் வரி விதித்தது. ஒரு புட்டி வாங்கும் பணத்தில் ஏழைக் குடும்பம் பல நாள் அரிசி வாங்கிவிடலாம் என்ற நிலை.

தமிழ்நாட்டில் ஷாம்புவுக்குப் போட்டி வேறு ஷாம்பு அல்ல, சீயக்காய். எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களுக்கு அந்தப் பிசுக்கைப் போக்கச் சீயக்காயும், கொங்குப் பகுதியில் அரப்பும் இருந்தன. பூந்திக்கொட்டை, வெந்தயம், செம்பருத்தி இலை, வடித்த கஞ்சி என்று வீட்டுக்கு வீடு ஒரு பக்குவம். இவற்றை இடித்துச் சலிக்க நேரம் வேண்டும். நேரமில்லாதவர்கள் துணி துவைக்கும் சோப்பையோ குளியல் சோப்பையோ தலைக்கும் போட்டுக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஷாம்பு பாக்கெட் பிடித்தது பெரும்பாலும் இந்தச் சோப்பின் இடத்தைத்தான்.

சின்னி கிருஷ்ணனின் எண்ணம்

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறு அளவில் மருந்துப் பொருள்களையும் அழகுப் பொருள்களையும் பொதியிட்டு விற்றுவந்தவர். முகப்பூச்சுப் பவுடர் தகர டப்பாவில் மட்டுமே கிடைத்த காலத்தில் அதைச் சிறு பொட்டலங்களில் விற்றார். பேதி உப்பையும் ஐந்து கிராம், பத்து கிராம் அளவுகளில் போட்டார். பணக்காரர் பயன்படுத்தும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் ரிக்‌ஷா இழுப்பவருக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து என்று அவருடைய மகன் பிற்காலத்தில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். திரவப் பொருள்களையும் அவ்வாறே பொதியிடலாம் என்று அவர் முயன்றார். அது பெரிதாகப் பலன் தரும் முன்பே காலமானார்.

இந்த எண்ணம் புதிது என்று தோன்றலாம். தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. காலணாவுக்குக் கடுகு, அரையணாவுக்கு எண்ணெய் என்று காசுக்குத் தக்கபடி மடித்துக் கொடுப்பது அந்தக் கடைகளின் பழைய வழக்கம். அன்றாடம் கூலி வாங்குபவர் அன்றாடம்தான் பொருள் வாங்க முடியும். மாதச் சம்பளக்காரருக்கு ஏற்ற அளவில் பொருள் செய்த பெரிய நிறுவனங்களுக்கு இது கண்ணில் படவில்லை, கடலூர்க்காரருக்குப் பட்டது. காகிதப் பொட்டலத்தில் கட்ட முடியாத திரவத்தைக் கட்டியதுதான் அவர் செய்த புதுமை.

அதற்கு வேண்டிய தொழில்நுட்பமும் சிக்கலானது அல்ல. அச்சிட்ட மெல்லிய படலச் சுருள் ஒன்றை இயந்திரம் குழாய்போல் வளைத்து ஓரத்தைச் சூட்டால் ஒட்டுகிறது. அடிப்பக்கத்தை மூடி, சில மில்லிலிட்டர் திரவத்தை விட்டு, மேற்பக்கத்தையும் மூடிவிடுகிறது. படலத்தின் வெளி அடுக்கான பாலியஸ்டர் அச்சையும் உறுதியையும் தாங்கும். உள் அடுக்கான பாலித்தீன் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் உலோகப் பூச்சு இருந்தால் வாசனை வெளியேறாது. புட்டி, மூடி, அட்டைப்பெட்டி எதுவும் தேவையில்லாததால் சிறு முதலீட்டிலேயே இத்தொழிலைத் தொடங்க முடிந்தது.

வெல்வெட்டும் சிக்கும்

சின்னி கிருஷ்ணனின் மகன்கள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்றார்கள். ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தொலைக்காட்சி இருந்த வீட்டில் தெருவே கூடிய 1980-களில் வெல்வெட் தமிழ்நாட்டில் வீட்டுப் பெயரானது.

மகன்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் சகோதரர்களுடன் கருத்து வேறுபாடு கொண்டு பிரிந்து, 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் கடலூரிலேயே தனித் தொழில் தொடங்கினார். தந்தை பெயரின் எழுத்துகளைக் கொண்டே தம் ஷாம்புவுக்குச் ‘சிக்’ என்று பெயர் வைத்தார். நிறுவனத்தின் பெயர் 1998-ல் கெவின்கேர் என்று மாறியது. அழகு என்று பொருள்படும் ‘கவின்’ என்ற தமிழ்ச் சொல் அதற்குள் இருப்பதை வடநாட்டில் அதை வாங்குவோர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஏற்கெனவே வெல்வெட் நிறைந்திருந்த கடைகளில் புதியவர் நுழைவது எளிதல்ல. அதற்கு ரங்கநாதன் கையாண்ட வழி இன்றும் வணிகப் பாடங்களில் பேசப்படுகிறது. எந்த நிறுவனத்தின் ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து காலி உறைகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். போட்டியாளரின் பொருளை வாங்கியவர்கள் தாமாகவே சிக்கைத் தேடி வந்தார்கள். சில காலம் கழித்து விதி மாறியது: இனிச் சிக் உறைகளுக்கு மட்டுமே இலவசம். மாதம் 35,000 பாக்கெட்டாக இருந்த விற்பனை 12 லட்சமாக உயர்ந்ததாக நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. நடிகை அமலா தோன்றிய விளம்பரமும், மல்லிகை, ரோஜா மணங்களும் பின்னர் துணைசெய்தன. ஊர் ஊராகச் சென்ற விற்பனையாளர்கள் சிறுவர்களின் தலையில் ஷாம்பு தேய்த்துக் கழுவி, அந்த முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

பெரிய நிறுவனங்கள் முதலில் இதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு அவர்களும் பாக்கெட் போட்டார்கள். 1999 அளவில் சிக் 50 பைசாவுக்கு வந்தபோது மற்றவர்களும் அந்த விலைக்கு இறங்கினார்கள். ஷாம்பு, ஊறுகாய், காப்பித்தூள், தேங்காய் எண்ணெய் என்று பெட்டிக்கடையின் முகப்பில் சரம் சரமாகப் பாக்கெட்டுகள் தொங்கத் தொடங்கின. அலமாரிக்கு இடமில்லாத கடைக்கு அந்தச் சரமே அலமாரி. அதுவே விளம்பரப் பலகையும் ஆகும்.

நாணயம் வகுத்த விலை

மற்றப் பொருள்களுக்கு அடக்க விலையைக் கணக்கிட்டு விற்பனை விலை வைப்பார்கள். பாக்கெட்டில் இது தலைகீழ். வாங்குபவர் கையில் உள்ள நாணயமே விலை. அதற்கேற்பத்தான் உள்ளே இருக்கும் அளவு. 50 பைசா செல்லும்வரை 50 பைசா பாக்கெட் இருந்தது. 2011 ஜூன் 30-உடன் 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாதவையாயின. 50 பைசா சட்டப்படி செல்லும் என்றாலும் கடைக்காரர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு ரூபாயே மிகச் சிறிய விலை ஆகிவிட்டது. மூலப்பொருள் விலை ஏறினால் ஒரு ரூபாய் அப்படியே நிற்கும், மில்லிலிட்டர் குறையும்.

வரி குறைந்தாலும் இதே சிக்கல்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கணக்குப்படி ஒரு ரூபாய் பாக்கெட் ஏறக்குறைய 89 பைசாவுக்கு விற்க வேண்டும். 11 பைசா மீதி கொடுக்க நாட்டில் நாணயம் ஏது? இத்தகைய சிறு பொதிகளில் வரிக் குறைப்பின் பயனை அளவைக் கூட்டித்தான் தர முடியும்.

சிறு பொதி வாங்கும் ஏழை, மொத்தமாக வாங்குபவரைவிட அதிக விலை கொடுக்கிறார் என்பது பொருளியலில் வழக்கமான கூற்று. பல பொருள்களுக்கு இது பொருந்தும். ஆனால் இந்திய ஷாம்புவில் பல நேரம் நிலைமை நேர்மாறு. ஒரு ரூபாய்க்கு 5 மில்லிலிட்டர் என்றால் 20 பாக்கெட்டில் 100 மில்லிலிட்டர் கிடைக்கும். விலை 20 ரூபாய். அந்த விலைக்கு அதே ஷாம்பு புட்டியில் கிடைக்கிறதா என்று மாணவர்கள் கடையில் நின்றே வகுத்துப் பார்க்கலாம். பாக்கெட்டில் போட்டி கடுமை. புட்டி வாங்குபவர் சற்றுக் கூடுதல் விலையைப் பொருட்படுத்துவதில்லை. வசதியுள்ள வீடுகளிலும் குளியலறையில் சரம் தொங்குவதற்கு இதுவே காரணம்.

கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே.பிரகலாத், 2004-ல் வெளியான ‘தி ஃபார்ச்சூன் அட் தி பாட்டம் ஆஃப் தி பிரமிட்’ என்ற நூலில் இத்தகைய பொதிகளை எடுத்துக்காட்டி, ஏழைகளையும் வாடிக்கையாளராக மதித்தால் நிறுவனமும் அவர்களும் பயன்பெறலாம் என்று வாதிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய அனில் கர்னானி 2007-ல் இதை மறுத்தார். பொதியைச் சிறிதாக்கினால் கைப்பணச் சிரமம் குறையுமே தவிர வாங்கும் சக்தி கூடிவிடாது என்றார் அவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆயினும் சீயக்காய் இடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் இருந்தது. அது குறைந்ததை இருவருடைய கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

காலி உறை

ஒரு காலி உறையின் எடை ஒரு கிராம்கூட இருக்காது. பால் கவரையும் தண்ணீர்ப் புட்டியையும் பொறுக்கி எடைக்குப் போடுபவர்கள் இதைக் குனிந்து எடுப்பதில்லை. ஒரு கிலோ சேர்க்க ஆயிரத்துக்கும் மேல் பொறுக்க வேண்டும். சேர்த்தாலும் வாங்க ஆள் இல்லை. ஒட்டிய அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். ஆகவே வாய்க்காலிலும் குளக்கரையிலும் அது தங்கிவிடுகிறது. குளித்த இடத்திலேயே கிழித்துப் போடப்படுவதால் ஆற்றுப் படித்துறைகளில் இன்னும் அதிகம்.

மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளில் கைவிட வேண்டும் என்றன. அந்தக் கெடு முடிந்த 2018-ல் விதி திருத்தப்பட்டது. எரித்து ஆற்றல் பெற முடியாதவை, வேறு பயன் இல்லாதவை என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்க முடிகிற எதுவும் இதன்பின் தடையிலிருந்து தப்பிவிடலாம். 2022 முதல் உற்பத்தியாளர்கள் தாங்கள் வெளியிடும் பிளாஸ்டிக்கின் எடைக்கு ஈடாகக் கழிவைக் கையாண்டதற்குச் சான்று காட்ட வேண்டும். கணக்கு டன்னில். தன் பெயர் அச்சிட்ட உறையையே தேடி எடுக்க வேண்டிய கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை.

காலி ஷாம்பு உறைகளை மக்கள் தாமாகவே பத்திரப்படுத்தி, எண்ணி, கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தது ஒரே ஒரு காலத்தில்தான்: ஐந்து உறைக்கு ஒரு சிக் பாக்கெட் கிடைத்த அந்த 1980-களில்.