முதலும் கடனும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் சொற்கள் காட்டும் பொருளியல் வரலாறு

வணிகத்தில் இடும் மூலதனத்தை மலாய் மொழியில் 'மோடால்' என்பர். நம் 'முதல்' என்னும் சொல்லே கடல் கடந்து அவ்வடிவம் பெற்றது. கடை 'கெடாய்' ஆனதையும், பெட்டி 'பெத்தி' ஆனதையும், கப்பல் 'காப்பால்' ஆனதையும் இந்நாட்டில் அறியாதார் இலர். அவற்றோடு சென்ற மற்றொரு சொல்லைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவதில்லை. அது 'செத்தி'. 'செட்டி' என்னும் வணிகக் குடிப்பெயர் மலாயில் வட்டிக்குப் பணம் கொடுப்பவரைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. உரிமமின்றிக் கொடும்வட்டி வாங்குவோரைச் செய்தித்தாள்கள் 'செத்தி ஹாராம்' என்று எழுதுகின்றன. இன்று அத்தொழிலில் இருப்போருக்கும் நாட்டுக்கோட்டைக்கும் தொடர்பில்லை என்பதைச் சொல் பொருட்படுத்துவதில்லை. 1998ஆம் ஆண்டு நெருக்கடியில் தள்ளாடிய வங்கிகளுக்கு மூலதனம் ஊட்ட அரசு அமைத்த நிறுவனத்தின் பெயர் டானாமோடால். நாட்டின் நிதி அமைப்பைத் தூக்கி நிறுத்த வந்த நிறுவனத்தின் பெயருக்குள்ளும் நம் 'முதல்' இருந்தது. பண நெருக்கடியின் நடுவே அதை எண்ணிப் பார்க்க எவருக்கும் நேரமில்லை.

நாட்டின் கடன், தனியார்மயம், உலகமயம் ஆகியவற்றைப் பொருளியலார் எண்களைக் கொண்டு ஆய்வர். சொற்களை ஆய்வதே நம் துறை. எண்களில் மறையும் சில செய்திகள் சொற்களில் தங்கிவிடுவதுண்டு. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களும் துறைமுகமும் மேருவின் தொழிற்சாலைகளும் அதற்குச் சான்று.

'கடன்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் இன்று பணமே நினைவுக்கு வருகிறது. சங்க இலக்கியத்தில் அது பெரும்பாலும் செய்ய வேண்டிய கடமையைக் குறிக்கிறது. தாய்க்கும் தந்தைக்கும் கடன் உண்டு, வேந்தனுக்கும் உண்டு. கடமை, கடப்பாடு ஆகியவை அதே வேரின. ஆங்கிலத்தில் 'ஆட்' என்னும் கடப்பாட்டுத் துணைவினை 'ஓ' என்னும் கடன்படு வினையின் பழைய இறந்தகால வடிவமே. செருமானிய மொழியிலோ 'ஷுல்ட்' என்பது கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆகவே பணம் பெற்றவனைக் கடமைப்பட்டவனாகவும் குற்றவாளியாகவும் காணும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பழந்தமிழில் கடன் இரு திசையிலும் சென்றது. கொடுப்பவனுக்கும் ஆள்பவனுக்கும் அதில் பங்கிருந்தது. தோட்டப்புறத்துத் தமிழில் அது ஒருவழிப் பாதையாயிற்று.

ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அதனோடு ஒட்டி வளர்ந்தது கங்காணி முறை. தோட்டத்துரை தந்த முன்பணத்தோடு கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் சேர்த்தான். ஊரில் பட்ட கடனைத் தீர்க்கவும் வழிச்செலவுக்கும் அம்முன்பணம் பயன்பட்டது. ஆள் வேலைக்கு வந்த நாள்தோறும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. ஆட்டைத் தலை எண்ணிப் பார்ப்பது போல் ஆளை எண்ணிய காசு அது. தொழிலாளி நோயுற்றுப் படுத்தால் தலைக்காசு இல்லை. விடியற்காலைப் பெரட்டில் கங்காணி ஒவ்வொருவரையும் லயத்திலிருந்து எழுப்பி இழுத்து வந்ததன் காரணம் இதில் விளங்கும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இம்முறை இன்னும் கொடியது. அங்கு 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கியது. தொழிலாளி பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்பதை அதில் தோட்டத்துரை எழுதித் தருவார். அத்தொகையைச் செலுத்த முன்வரும் மற்றொரு தோட்டம் அவர்களை ஏற்றுக்கொள்ளும். கடனை விற்பதாகப் பெயர், விற்கப்பட்டது ஆள். 1921இல் சட்டம் அம்முறையை நிறுத்தியது. மலாயாவிலோ 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி ஆட்சேர்ப்புச் செலவைத் தோட்ட முதலாளிகள் அனைவர்மீதும் வரியாகச் சுமத்தியது. ஆதலால் சட்டத்தின் பார்வையில் இங்கு வந்திறங்கிய தமிழர் கடனற்றவர். இவ்வேறுபாட்டைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் தோட்டக்கடையின் பற்றுக் கணக்கும் கள்ளுக்கடையும் சம்பள நாளில் காத்திருந்தன.

கூலி உலகச் சந்தையோடு கட்டப்பட்டிருந்தது. கித்தாவின் விலையை இலண்டனும் நியூயார்க்கும் முடிவு செய்தன. 1920களின் இறுதியில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலி. உலகப் பெருமந்தம் தொடங்கிய 1930இலேயே அது 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். உலகமயம் என்பது 1990களில் வந்த புதுமை என்று எழுதுவோர் இக்கப்பல்களை மறந்துவிடுகின்றனர். விலை ஏறிய பின்னும் கூலி அதற்கேற்ப ஏறவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் அதன் விளைவு. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம், கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவின் நீக்கம் ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

'துண்டு' என்னும் சொல் வேறொரு வடிவில் 1950களில் மலாயாவிற்கு வந்து சேர்ந்தது. விடுதலையை எதிர்நோக்கிய ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு மனைகளாகப் பிரித்து மறுவிலைக்கு விற்றனர். தமிழ் ஏடுகள் இதனைத் 'தோட்டத் துண்டாடல்' என்றன. அரசின் பொருட்டு உங்கு அசிஸ் இதனை ஆராய்ந்து 1963இல் அறிக்கை அளித்தார். நிலம் துண்டானபோது வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. ஏனெனில் லயம் தோட்டத்துக்குரியது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்கு விடையாக வந்தது. மாதம் 10 வெள்ளி வீதம் கட்டிப் பால்மரம் சீவியவர்களே பங்குதாரர் ஆயினர். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியதில் தொடங்கிப் பல தோட்டங்கள் தொழிலாளரின் பங்குப் பணத்தில் அவர்கள் கைக்கு வந்தன. இந்த நாட்டில் தமிழர்க்கு 'முதல்' என்னும் சொல் 'கடன்' என்பதன் எதிர்ப்பொருளாக நின்ற காலம் அதுவென்று நாம் கருதுகிறோம்.

1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை இலண்டன் பங்குச்சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் பெரும்பங்கை மலேசிய அரசு நிறுவனமொன்று கைப்பற்றியது. 'விடியற்காலைத் தாக்குதல்' என்று புகழ் பெற்ற அந்நிகழ்வில் காலனியாதிக்கத்தின் எச்சம் ஒன்று முடிந்தது உண்மை. முதலாளி மாறினார். பெரட்டு மாறவில்லை. கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டனர். பின் செம்பனையையும் வெட்டி நகரம் நட்டனர். சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. மேருச் சாலையோரத்துப் புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆயிற்று. பரம்பரை பரம்பரையாய் அங்கு வாழ்ந்தோர்க்கு அந்நிலத்தில் எழுந்த வீடுகளின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது.

அடுத்து வந்த சொல் 'தாராளமயம்'. மொழியியலார் கண்ணில் இதைவிட ஐயத்துக்குரிய மொழிபெயர்ப்பு அரிது. தமிழில் தாராளம் என்றால் கை நிறைய அள்ளிக் கொடுத்தல்; தாராள மனம் என்றால் வள்ளன்மை. அரசு தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளும் ஒரு கொள்கைக்கு அப்பெயரை நாம் இட்டோம். 'தளர்த்தல்' என்றிருந்தால் பேசப்படும் பொருள் விளங்கியிருக்கும். எதைத் தளர்த்துகிறார்கள், யாருக்காக என்னும் கேள்விகளும் தாமே எழுந்திருக்கும். தனியார்மயக் கொள்கை 1983இல் அறிவிக்கப்பட்டது. அதன் முதற்பெரும் செயல்களுள் ஒன்று இங்குதான் நிகழ்ந்தது: 1986இல் கிள்ளான் கொள்கலன் முனையம் தனியார் கைக்கு மாறியது. அக்காலத்திலேயே கனரகத் தொழில்களுக்காக வாங்கிய யென் கடன், 1985 பிளாசா உடன்பாட்டுக்குப் பின் யென் மதிப்பு ஏறியதால், ஒரு காசும் கூடுதலாக வாங்காமலேயே பெருத்தது.

1997இல் ரிங்கிட் சரிந்தது. டாலருக்கு 2.50 என்றிருந்த அது 1998 சனவரியில் 4.88 வரை சென்றது. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் கொரியாவும் அனைத்துலகப் பண நிதியத்திடம் சென்றன. மலேசியா செல்லவில்லை, 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு விதித்து ரிங்கிட்டை 3.80 என நிலைநிறுத்தியது. நிதியத்தின் கட்டளைப்படிதான் நாடு பிழைக்கும் என்ற கோட்பாடு இங்கே பொய்த்தது. இதை நாம் மனமாரப் பாராட்டுவோம். ஆனால் வெளியாரிடம் கைகட்டாமை வேறு. உள்நாட்டில் கணக்குக் காட்டுதல் வேறு.

அதற்குச் சான்று கிள்ளான் துறைமுகத் தீர்வையற்ற வணிக வளாகம். பூலாவ் இண்டாவில் 1,000 ஏக்கர் நிலம் சதுர அடிக்கு 25 ரிங்கிட் விலையில் வாங்கப்பட்டது. கட்டுமானத்தை ஏற்ற தரப்பு பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டியது. போக்குவரத்து அமைச்சின் 'ஆதரவுக் கடிதங்கள்' அதற்குத் துணை நின்றன. சட்டப்படி அரசு உத்தரவாதம் தரும் உரிமை நிதி அமைச்சுக்கே உண்டு. எனவே அக்கடிதம் உத்தரவாதமன்று என்பர். அப்படியானால் அது என்ன? வாசித்தவர்கள் அதை உத்தரவாதமாகவே வாசித்தனர். முடிவில் 2007இல் அரசு 4.6 பில்லியன் ரிங்கிட் எளிய கடனாகத் தந்து தாங்க வேண்டியதாயிற்று. உத்தரவாதம் என்ற சொல்லைச் சொல்லாமலே உத்தரவாதம் அளிக்கும் இந்நடை அத்துடன் முடியவில்லை. ஒன் எம்டிபி நிறுவனம் 2013இல் 3 பில்லியன் டாலர் பத்திரம் வெளியிட்டபோதும் பின்புலமாக நின்றது அரசின் ஆதரவுக் கடிதமே. துண்டில் கடன் தொகையாவது வெளிப்படையாய் எழுதப்பட்டிருந்தது. படிப்பறியாத் தொழிலாளிக்கு அது தெரியாது. ஆனால் படிக்கத் தெரிந்த எவரும் அதைப் படித்துச் சொல்லலாம். ஆதரவுக் கடிதத்தில் உத்தரவாதம் என்னும் சொல் இல்லை. செலுத்தப் போகும் குடிமக்களுக்கு அதன் படியும் இல்லை.

2018 மே மாதம் புதிய அரசு, உத்தரவாதங்களையும் பிற கடப்பாடுகளையும் சேர்த்தால் நாட்டின் கடன் ஒரு டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும் என்று அறிவித்தது. அப்போது தொடங்கிய 'தாபோங் ஹராப்பான்' நிதிக்கு மக்கள் தம் கைப்பணத்தை அனுப்பினர்; 200 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் சேர்ந்தது. கடனோடு ஒப்பிட்டால் அது துளி. கடன் பட்டவர் யாரோ. அதைக் கடனாக உணர்ந்தவர் இவர்கள்.

மேருவுக்கு வருவோம். உலகின் மிகப்பெரிய கையுறை நிறுவனமான டாப் குளோவின் தொழிற்சாலைகள் இங்கு உள்ளன. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் கித்தாவின் வழித்தோன்றலான பொருளையே செய்கின்றனர். 2020 சூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, கடன்கட்டு உள்ளிட்ட கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காட்டி, அந்நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்களின் பொருள்களைத் தடுத்தது. ஆட்சேர்ப்புக்காகத் தொழிலாளர் முகவரிடம் கட்டிய பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் இசைந்தது. அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட தொகை 136 மில்லியன் ரிங்கிட். நவம்பரில் மேரு விடுதிகளில் பெருந்தொற்று பரவி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

வங்காளத் தொழிலாளர் அம்முகவரைத் 'தலால்' என்கின்றனர். நம் பாட்டன்மார் கங்காணி என்றனர். கங்காணிக்கு நம் அகராதிகளில் இடமுண்டு. பெரட்டுக்கும் தலைக்காசுக்கும் முழுமையான பதிவு இன்னும் இல்லை. அவற்றை வாயாரச் சொல்லக்கூடிய முதியோர் காப்பாரிலும் மேருவிலும் சிலரே எஞ்சியுள்ளனர். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் இவ்வாண்டே செல்லுமாறு இளைய ஆய்வாளரை வேண்டுகிறோம். திரும்பும் வழியில் விடுதி வாயில் தேநீர்க் கடையிலும் சற்று அமர்ந்து, அங்கு வழங்கும் கடன் சொற்களையும் எழுதிக்கொள்ளலாம்.