குலுக்கலில் வந்த நடுவர்கள்

1984-85 இத்தாலி சீரி ஆ எண்டால் மரடோனா நாப்போலிக்கு வந்த வருசம் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நாங்களும் அவரைத் தேடித்தான் அந்தப் பருவகாலத்துக்குள் போனோம். ஆனால் பட்டம் வெரோனாவுக்கு. அதற்கு முன்னரும் பின்னரும் அவர்கள் லீக்கை வென்றதே இல்லை.

முதல் ஆட்டத்திலேயே நாப்போலியை 3-1 என்று வென்றார்கள். மரடோனாவை மறிக்க நிறுத்திய ஜெர்மன் வீரர் பிரீகல் கோலும் அடித்தார்! ஜுவென்டஸுக்கு எதிராக டென்மார்க்கின் எல்கேர், சப்பாத்து கழன்ற பிறகும் ஓடிப்போய் அடித்த கோல் இன்னொரு கதை.

எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறு விசயம். 1980 சூதாட்ட ஊழலுக்குப் பிறகு லீக்கில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. அதனால் அந்தப் பருவகாலத்தில் எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதை முழுக் குலுக்கலில் எடுத்தார்கள். பெரிய கழகங்களுக்குச் சாதகமான நடுவர் எண்ட கதைக்கே இடமில்லை.

குலுக்கல்தான் வெரோனாவை வெல்ல வைத்தது எண்டு சொன்னால், அது பயிற்றுவிப்பாளர் பன்யோலிக்குச் செய்யிற அநியாயம். 30 ஆட்டங்களில் தோற்றது இரண்டே இரண்டு. அப்படியொரு அணி எந்த நடுவர் வந்தாலும் வென்றிருக்கும் என்றுதான் நினைக்கிறோம். ஆனாலும் அடுத்த பருவகாலமே குலுக்கலைக் கைவிட்டார்கள்.

2006இல் ஜுவென்டஸின் இரண்டு பட்டங்கள் பறிபோயின. வெளியான தொலைபேசி உரையாடல்களில் அந்தக் கழகத்தின் நிர்வாகி மோஜி கதைத்தது, நடுவர்களை ஒதுக்கும் அதிகாரிகளோடுதான்.